நாடகம் இல்லாத நாளில் பபூன் எங்கே போவார்?

கம்பெனி நாடகத்திலும் பிறகு ஸ்பெஷல் நாடகத்திலும் பபூன், அதாவது கோமாளி, வேஷம் கட்டியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு லீவு என்று ஒன்று உண்டா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

லீவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்னைக்கு நாடகம் இல்லை" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு ஊரில் கொட்டகை போட்டால் மாதக்கணக்கில் அங்கேயேதான் முகாம். காலையில் பாட்டு, அப்புறம் ஒத்திகை, மத்தியானம் தூக்கம், ராத்திரி நாடகம். நாடகம் இல்லாத நாளிலும் காலைப் பாட்டு தப்பாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியை, பையன்களை வைத்து நாடகம் போடும் குழுவை, ஆரம்பித்தது 1918-இல். நான் கம்பெனியில் சேர்ந்தது ஐம்பதுகளில். அதற்குள் எவ்வளவோ மாறியிருந்தது, வாத்தியாரின் பிரம்பு மட்டும் மாறவில்லை.

எங்களுக்கு நிஜமான லீவு கொடுத்தது மழைதான். தகரக் கொட்டகைமேல் மழை விழுந்தால் கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட் என்ன கத்தினாலும் முன்வரிசைக்கே கேட்காது. கூட்டமும் வராது. மறுநாள் வெயில் வந்ததும் நனைந்த படுதாக்களைக் காயப்போட்டுவிட்டு வாத்தியார் முன்னால் போய்ச் சும்மா நிற்போம். பக்கத்து மலைக்குப் போகத்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். பெரிய நடிகர் ஒருவரைத் துணைக்கு அனுப்புவார். விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டும், கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது, கூவக் கூடாது. கூவாமல் எந்தப் பையன் மலை ஏறியிருக்கிறான்!

நாங்கள் திருச்சியில் ஒரு சின்ன நாடகக் குழு. புதுக்கோட்டைப் பக்கம் நாடகம் போட வருகிறோம். நடுவில் இரண்டு நாள் ஓய்வு. அறையில் முடங்கிக் கிடக்காமல் எங்கே போகலாம்?
– குழுவினர், திருச்சி

நல்ல ஊரில்தான் உங்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. வேன் பிடிக்காதீர்கள். டவுன் பஸ்ஸில் போங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முதல் நாள் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். காலையிலேயே ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை காலைப் பொசுக்கும். மேலே குகைக்குள் சமணத் துறவிகள் படுத்த 17 கல்படுக்கைகள் வழவழவென்று இருக்கும். ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. இறங்கிவந்து அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. எல்லோரும் மேற்கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மீனும் வாத்தும் எருமையும் யானையும் நடுவே பூப்பறிக்கும் ஆட்களுமாக அது அழகுதான். நீங்கள் நடிகர்கள், தூணிலிருக்கும் இரண்டு நாட்டியப் பெண்களைப் பாருங்கள். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் கை எங்கே போகிறது, இடுப்பு எங்கே ஒடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். எங்கள் டான்ஸ் மாஸ்டர் அந்தத் தூணைவிட்டு நகரவே மாட்டார்.

அப்புறம், காவலரிடம் கேட்டுக்கொண்டு கருவறைக்குள் போங்கள். பத்தடிக்குப் பத்தடிகூட இருக்காது. வாயை மூடி, கீழ் ஷட்ஜத்தில், அதாவது கீழ் 'ச'வில், மெதுவாக "ம்" என்று இழுங்கள். சுருதி சரியாகச் சேர்ந்த இடத்தில் சுவர் நான்கும் கூடவே முனகும். சேரவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. எங்கள் ராஜபார்ட்டுக்கு முதலில் சேரவில்லை. பின்பாட்டுக்காரருக்குச் சேர்ந்தது. அன்று முழுக்க ராஜபார்ட் யாரோடும் பேசவில்லை.

இரண்டாம் நாள் குடுமியான்மலை. உங்கள் குழுவில் இசை தெரிந்தவர் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் 13 அடிக்கு 14 அடி அளவில் சுரங்களாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். கிரந்த எழுத்து, ஏழு பகுதிகள். கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". எங்கள் ஆர்மோனியக்காரர் கோயில் குருக்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். ச, சி, சு, செ என்று ஒரே சுரம் நாலு விதமாக வந்தது. ராத்திரி முழுக்கப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே தடவிக் கொண்டிருந்தார், நாங்கள் தூங்கவில்லை.

பெரிய கோயில் மண்டபத்தில் பத்துத்தலை ராவணன் சிலை இருக்கிறது. அட்டையில் தலை செய்கிறவர் ஒருமுறை பார்க்க வேண்டும். சாமிக்குக் குடுமி வந்த கதையையும் அங்கேயே கேளுங்கள். குருக்கள் பூவைக் காதலிக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிய மாலையில் ராஜா தலைமயிரைக் கண்டுபிடிக்க, "சாமிக்கே குடுமி உண்டு மகாராஜா" என்று சொல்லித் தப்பித்த கதை. பொய்யைக் காப்பாற்ற சாமி குடுமி வளர்த்துக்கொண்டது. எந்தப் பபூனும் இதைவிட நல்ல காட்சி எழுத முடியாது.

திரும்பும்போது நேரமிருந்தால் நார்த்தாமலை, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விஜயாலய சோழீச்சரத்தை அவசரமாகப் பார்ப்பதும் ஒன்றுதான், பார்க்காததும் ஒன்றுதான். எனக்கு அந்த ஊர் மறக்காததற்குக் காரணம் கோயில் இல்லை. அடிவாரத்துச் சோளக்கொல்லையில் பரண்மேல் ஒரு ஆத்தா கவண் வீசிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த பையன் வள்ளி வேஷம் கட்டுபவன். மேடையில் ஆலோலம் பாடிக்கொண்டு கவணை மெல்ல ஆட்டுவானே, அப்படியே ஆட்டிக் காட்டினான். ஆத்தா சொன்னார்: "கல்லைத் தாலாட்டுறியாடா? குருவி சிரிக்கும்." ஒரு முனையை விரலில் மாட்டி, மறு முனையை உள்ளங்கையில் பிடித்து, தலைக்குமேல் ஒரே சுற்று. பிடியை விட்டதும் கயிறு படீரென்று வெடித்தது. கல்லுக்கு அல்ல, அந்தச் சத்தத்துக்குத்தான் குருவிகள் எழுந்தன. அடுத்த நாடகத்தில் பையன் அதேபோல வீசினான், கல் இல்லாமல். தரை டிக்கெட்டிலிருந்த பெண்களெல்லாம் விசிலடிக்காத குறை.

எங்கள் ஊர் வள்ளி திருமணத்தில் பபூன் எங்கள் கண்மாயைப் பற்றியெல்லாம் பேசினார். இதையெல்லாம் அவருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

டீக்கடைதான். கம்பெனியில் இருந்தபோது நாடகமில்லாத நாளெல்லாம் எனக்கு வேலை நாள். மற்றவர்கள் மலை ஏறுவார்கள், நான் பாதி வழியில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். எந்த மடை அடைத்துக் கிடக்கிறது, கடலைக்கு என்ன விலை, எந்த பஸ் வருவதாகச் சொல்லி வராது, எல்லாம் தானாக வந்து சேரும். டவுன் பஸ்ஸில் போங்கள் என்று திருச்சித் தம்பிகளுக்குச் சொன்னது இதற்குத்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. ஆளாளுக்கு ஒரு ஊரிலிருந்து வந்து சேர்ந்து, ஒத்திகையே இல்லாமல் மேடை ஏறி, விடிந்ததும் அவரவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் சாயங்காலமே போய்விடுவேன். ஒரு ஊரில் பஸ் உள்ளே வராது, விலக்கிலேயே இறக்கிவிடும், இரண்டு மைல் நடை. அன்று ராத்திரி நாரதர் வந்து நின்றதும், "சாமி, ஆகாய மார்க்கமாத்தானே வருவீக, காலெல்லாம் ஏன் புழுதி? உங்களையும் விலக்குலயே இறக்கிவிட்டுட்டானா?" என்றேன். நாரதர் பாட்டை ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று.

பஸ்ஸைக் கேலி பண்ணலாம், மடையைக் கேலி பண்ணலாம். ஆளைப் பெயர் சொல்லிக் கேலி பண்ணக் கூடாது. விடியும்வரை அங்கேதான் இருந்தாக வேண்டும்.

சீசனில் குற்றால அருவியில் குளித்துவிட்டு அன்று ராத்திரியே நடிக்கலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

குளிக்கலாம், பேசக் கூடாது. தண்ணீரால் தொண்டை கெடுவதைவிட, அந்த இரைச்சலில் பக்கத்திலிருப்பவனிடம் கத்திப் பேசியே கெடுகிறது. எனக்குக் கூட்டம் ஆகாது. மற்றவர்கள் அருவிக்குப் போனால் நான் சித்திர சபைக்குப் போய்ச் சுவர் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டுகிறவராக இருந்தால் மத்தியானத்துக்குள் குளித்துத் தலையைக் காயவைத்துவிடுங்கள். ஈரத்தலையில் டோப்பா முடி உட்காராது.