நெதர்லாந்தின் ஹோகே வேலுவே தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க சொந்த சைக்கிள் வேண்டுமா?

தேவையே இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும், வாயிலருகே வரிசையாக நிற்கும் வெள்ளை சைக்கிள்களில் ஒன்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 1974 முதல் இருக்கும் ஏற்பாடு இது, அருமையான ஏற்பாடும்கூட!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதில் கைப்பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். பழகாத கால் சட்டென்று தடுமாறும். அதனால் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றி இறக்கி, வாயிலருகிலேயே நாலைந்து முறை நிறுத்திப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

பைன் காடு திடீரென முடிந்து மணல்மேடுகள் விரியும் இடங்களில் எதிர்க்காற்று ஆளைச் சோர்வடையச் செய்யும். கியரும் இல்லாததால் அவசரப்படாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் வான்கோ ஓவியங்கள் ஏராளம். அதற்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். திங்கட்கிழமை அது திறந்திருக்காது.