எங்க அப்பாவுக்குப் பாடின வரியை இன்னொரு வீட்டிலும் பாடினார்

கேள்வி: வட சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 36. அப்பா தவறி ஏழு மாசம் ஆகிறது. பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடின பிறகு காசிமேட்டில் மீன் ஏற்றுகிற மூணு சக்கர மீன்பாடி வண்டி ஓட்டித்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார். அப்பாவைக் கிடத்தியிருந்த ராத்திரி தம்பி ஒரு கானா பாடகரைக் கூட்டிவந்தான். விடிய விடியப் பாடினார். "வண்டி மிதிச்சு வளத்த அப்பா, வாசப்படியில நின்ன அப்பா, நான் வர்ற சத்தம் கேக்கும் முன்னே கண்ண மூடிட்டியே எங்கப்பா" என்று ஒரு இடம் வந்தது. நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை அப்பா வாசப்படியில்தான் நிற்பார். அது எப்படி அந்தப் பாடகருக்குத் தெரிந்தது என்று நினைத்து நினைத்து அழுதேன். செல்போனில் பதிந்து தினமும் கேட்கிறேன். அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. போன மாசம் கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு. அதே பாடகர், அதே வரி. 'வண்டி மிதிச்சு' போய் 'வலை இழுத்து' வந்தது, மீதி அப்படியே இருந்தது. நெஞ்சு விட்டுப்போச்சு. "எல்லா வீட்டுக்கும் அதான் பாட்டு, உனக்குத் தெரியாதா?" என்று தம்பி சிரிக்கிறான். சாவுப் பாட்டை வீட்டில் போடாதே என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். எட்டு வயசு மகன் வேறு அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அழித்துவிடலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்: அழிக்காதீர்கள் சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சாவு வீட்டுக் கானாவை நீங்கள் சின்ன வயசிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஷாமியானாவுக்குக் கீழே டோலக்கும் ஆர்மோனியமும் வந்து இறங்கும். மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் பாடுகிறவர் வீட்டு ஆள் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்: பேர் என்ன, என்ன தொழில், எத்தனை பிள்ளைங்க, பேரன் பேத்தி பேர் என்ன, எப்படிப் போனார். கொஞ்ச நேரப் பேச்சுதான். அதை வைத்துக்கொண்டு விடியும்வரை பாட வேண்டும். மெட்டு பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டாக இருக்கும். வரிகளில் சிலது மூத்த பாடகர்களிடம் கேட்டுப் பழகியது, சிலது அவரே கட்டியது. நடுவில் நம் வீட்டு விவரம் வந்து உட்காரும். அந்தக் கலை கட்டப்பட்டிருக்கிற விதமே இதுதான். நம் பாட்டிகள் வைத்த ஒப்பாரியும் இதே வழிதான். அப்பனுக்கு அழுத அடியையே அண்ணனுக்கும் அழுவார்கள், உறவுமுறை மட்டும் மாறும். அவர்களில் யாரும் பொய்யாக அழுததாக நாம் நினைப்பதில்லையே.

உங்களை உலுக்கியது 'வாசப்படியில நின்ன அப்பா' என்ற இடம். அது ஏன் கொருக்குப்பேட்டை வீட்டுக்கும் பொருந்தியது என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதி, ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாக இருப்பவை. ராத்திரி பெண்பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்த பிறகு வயசான ஆம்பளைக்கு வீட்டுக்குள் இடம் ஏது? வாசப்படிதான் அவருக்குத் திண்ணை. ஹவுசிங் போர்டு என்றால் மாடிப்படி. மில் ஷிஃப்ட், ஹார்பர் ஷிஃப்ட், விடியற்காலையில் கரைக்கு வரும் படகு, இப்போது உங்களை மாதிரி நைட் ஷிஃப்ட் போகிற பிள்ளைகள். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்காக எந்நேரமும் வாசலில் நிற்கிற ஊர் இது. அந்தப் பாடகர் இதே சந்துகளில் வளர்ந்தவராக இருப்பார். எந்த அப்பா எங்கே நிற்பார் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் அப்பா நின்றது உண்மை, கொருக்குப்பேட்டையில் அந்த அப்பா நின்றதும் உண்மை. அன்று அந்த வீட்டு மகள் அழுததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் திருவொற்றியூர். கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுப்போன அந்தத் துறவி, அம்மாவின் சிதைக்கு முன்னால் "எப்பிறப்பில் காண்பேன் இனி" என்று கதறினார். அது அவர் ஒருத்தருடைய அம்மாவுக்குப் பாடியது. நூற்றாண்டுகளாக யார் யாரோ தங்கள் அம்மாவுக்கு அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். மனைவி வீதி மட்டும், மகன் சுடுகாடு மட்டும் என்று அவர் பாடிய கருத்தைத்தான் 1962-ல் 'பாத காணிக்கை' படத்தில் 'வீடு வரை உறவு' என்று கண்ணதாசன் எழுதினார். டி.எம்.எஸ். குரலில் அது ஒலிக்காத சாவு வீடு நம் பக்கம் குறைவு. கை மாறிக் கை மாறி வந்ததால் அந்த வரிக்குப் பலம் கூடியிருக்கிறதே தவிர, எந்த வீட்டிலும் அது பழசாகிப் போகவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் (அதை இங்கே போடவில்லை), வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையில் உங்களுக்குத் தேன்மிட்டாய் இருக்கும், ஐஸ் தண்ணி பட்டு அந்தக் காகிதம் எப்போதும் ஈரமாகவே இருக்கும், மிட்டாயில் லேசாக மீன் வாசனை அடிக்கும், அப்படியே சாப்பிடுவேன் என்று. சகோதரி, இது எந்தப் பாடகருக்கும் தெரியாது. கொருக்குப்பேட்டை வீட்டில் இது இல்லை. உங்கள் தம்பிக்கே தெரியுமோ என்னவோ. சாவு ராத்திரி பாடகர் விவரம் கேட்டபோது பதில் சொன்னது தம்பியாகத்தான் இருக்கும். தொழிலையும் பேரையும் சொல்லியிருப்பார். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் நான் சொல்வது இது. வருஷ நினைவு நாள் வருவதற்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. நம் பக்கம் அன்றைக்கும் கானா வைப்பார்கள். அதே பாடகரைக் கூப்பிடுங்கள். முன்பணம் கொடுக்கப் போகும்போது தம்பியோடு நீங்களும் போங்கள். தேன்மிட்டாயைச் சொல்லுங்கள், மில் மூடின வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அம்மா சொல்வதையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்கு மைக்குக்கு முன்னால் நின்று சொன்னால் வரி கட்ட அவருக்கு நேரம் இருக்காது. வாசப்படி வரியையும் கட்டாயம் பாடச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டையில் கேட்டதைச் சொல்லிச் சண்டை மட்டும் வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயம். விளக்கு வைக்கிற நேரத்தில் சாவுப் பாட்டு கேட்டால் அவருக்குப் பயம் வருவது இயல்பு. அப்படித்தான் அவரை வளர்த்திருப்பார்கள். அந்த நேரத்தை விட்டுவிடுங்கள், ஹெட்போனில் கேளுங்கள். ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெறும் கோபம் என்றால் சத்தம் போட்டுவிட்டு அங்கேயே இருப்பார், இவர் வெளியே போகிறார். நீங்கள் அழுவதைப் பார்க்க முடியாமல் போகிறாரோ என்று எனக்குப் படுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

மகன் பாடினால் பாடட்டும். தாத்தா எங்கே நிற்பார் என்று காட்டிக்கொடுங்கள், போதும்.

தூக்கம் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை. ஏழு மாசமாக அந்தப் பாட்டு இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றால், அப்புறம் சாப்பாடும் வேலையும் கெட ஆரம்பித்தால், பாட்டை நிறுத்துவதால் அது சரியாகாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிதான். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அப்பாவை நினைத்து அழுவது நோய் இல்லை. தூங்காமல் நைட் ஷிஃப்ட் போவதற்கு உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பதிவு உங்கள் ஒரு போனில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கே தம்பி போனுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு மெமரி கார்டிலும் ஏற்றி அம்மாவின் பெட்டியில் போட்டு வையுங்கள்.