லா படிச்சு அரசியலுக்கும் போவேன்னு பையன் சொன்னா பயப்படாதீங்கக்கா

அக்கா, தம்பி லா படிக்கிறதுல உங்களுக்கு பிரச்சனை இல்ல, கூடவே அரசியல், ஜட்ஜ்னு பேசுறான் பாருங்க, அதான் தூக்கத்த கெடுக்குதுன்னு புரியுது. அமெரிக்காவுல லா படிச்சு, அரசியல், ஜட்ஜ்னு ரெண்டுலயும் இருந்த ராபர்ட் வாக்னர்னு ஒருத்தர் எப்படி வந்தார்னு சொல்றேன், கேளுங்க.

1877ல ஜெர்மனில பொறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட நியூயார்க் வந்தவர், அப்பாவுக்கு கட்டடத்தை கூட்டிப் பெருக்கி பாத்துக்குற வேலை, அந்த வீட்லருந்து 1900ல லா முடிச்சு, 27 வயசுல மாநில சட்டசபைக்கு ஜெயிச்சார். 1911ல நியூயார்க்ல ட்ரையாங்கிள் துணி ஃபேக்டரி தீப்பிடிச்சு 146 பேர் செத்தாங்க, நிறைய பேர் சின்னப் பொண்ணுங்க, ஒரு கதவு பூட்டிக் கிடந்துச்சு. அத வச்சு போட்ட விசாரணை கமிஷனுக்கு இவர்தான் தலைவர். ரூம்ல உக்காந்து ரிப்போர்ட் படிக்கல, நேரா ஃபேக்டரிக்குள்ள போனார். ஒரு எடத்துல "தீ வந்தா இதுல இறங்கலாம்"னு காட்டின சின்ன ஓட்டை வழியா கமிஷனுக்காக விசாரிச்ச ஃப்ரான்சஸ் பெர்கின்ஸ்ங்கிற அம்மா இவரையே தவழ்ந்து போக வச்சாங்க, வெளிய பனி உறைஞ்ச இரும்பு ஏணி, அதுவும் தரைக்கு பல அடி மேலயே முடிஞ்சுபோச்சு! அப்புறம் ஃபேக்டரி பாதுகாப்புக்கு சட்டம் சட்டமா வந்துச்சு. 1919லருந்து 1926 வரை ஜட்ஜ், அடுத்து அமெரிக்க செனட், 1935ல தொழிலாளர் சங்க உரிமைக்கு வந்த சட்டத்துக்கே வாக்னர் சட்டம்னுதான் பேரு.

ஆனா ஒண்ணு, அங்க நியூயார்க்ல பல ஜட்ஜுக்கே தேர்தல் உண்டு, இங்க கிடையாது. இங்க சிவில் ஜட்ஜ் எக்ஸாம் எழுதவே 3 வருஷம் பிராக்டிஸ் வேணும்னு 2025ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால எப்படிப் பாத்தாலும் முதல்ல கோர்ட்ல ஜூனியரா நிக்கணும். நம்ம பக்கத்துலயே வி.ஆர்.கிருஷ்ணய்யர்னு ஒருத்தர், கேரளா தலச்சேரில வக்கீலா இருந்து, 1952ல மெட்ராஸ் சட்டசபை, 1957ல கேரளா மந்திரி, 1968ல ஹைகோர்ட் ஜட்ஜ், 1973ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்னு போனவர்தான், ஆனா அது ரொம்ப அபூர்வம், அத நம்பி பிளான் போடாதீங்க.

அரசியல் ஆசைய இப்பவே அடக்காதீங்கக்கா, அவன் கேக்குற கேள்வியெல்லாம் அதுலருந்துதான் வருது. இந்த லீவுல ஜில்லா கோர்ட்டுக்கு ஒரு வாரம் அனுப்புங்க, பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து பாக்கட்டும், பாத்துட்டு வந்தும் அதே ஆசை இருந்தா என்ட்ரன்ஸ் கோச்சிங் பத்தி பேசலாம்.