கப்பல் கூடினால் கடல் கைக்கு வருமோ? கேள்வி பதில்

புதுசா வளர்ற ஒரு கடற்படை, ஏற்கெனவே கடலை வைச்சிருக்கிறவனை அசைக்க ஏலுமோ எண்டு கேட்டு வன்னிப் பக்கத்தில இருந்து கன பேர் எழுதியிருக்கினம். ஒவ்வொண்டா வாறன்.

மாஸ்ரர், ஏலுமோ ஏலாதோ? முதல்ல அதைச் சொல்லுங்கோ. (முல்லைத்தீவு)

எதிர்த்து நிக்க ஏலும் தம்பி, ஆனா கடலைப் பறிக்கிறது வேற அலுவல். போன நூற்றாண்டில பிரிட்டன்ட கையில இருந்த கடல் ஆரிட்டப் போச்சு எண்டு பாருங்கோ. அதோட சண்டை பிடிச்ச ஜெர்மனிக்கும் போகேல்ல, ஜப்பானுக்கும் போகேல்ல, கூட்டாளியா நிண்டு கடனும் குடுத்த அமெரிக்காவுக்குத்தான் போச்சு. 1922இல வாஷிங்டன் ஒப்பந்தத்தில பெரிய போர்க்கப்பலுக்கு அமெரிக்கா 5, பிரிட்டன் 5, ஜப்பான் 3 எண்டு விகிதம் போட்டவை. ஒரு வெடிச் சத்தமும் இல்லாம பிரிட்டன் சமபங்குக்கு கையெழுத்து வைச்சது. என்னைக் கேட்டா, இந்த விஷயத்தில படிக்க வேண்டிய முக்கிய வருஷம் அதுதான், எங்கட பிள்ளையள் அதைப் படிக்காம சண்டையளை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போகுதுகள்.

ஜெர்மனி அவ்வளவு கப்பல் கட்டியும் ஏன் தோத்தது? (கிளிநொச்சி, ஏ எல் மாணவி)

பிள்ளை, வரைபடத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு வாசியுங்கோ. 1898இலயும் 1900இலயும் திர்பிட்ஸ் எண்ட அட்மிரல் சட்டம் போட்டு கப்பல் கட்டத் தொடங்கினார். பிரிட்டனை வெல்லுற அளவு தேவையில்லை, அவன் எங்களோட மோதப் பயப்படுற அளவு இருந்தாக் காணும் எண்டதுதான் அவற்ற கணக்கு. பிரிட்டன் என்ன செய்தது, 1902இல ஜப்பானோட கூட்டு, 1904இல பிரான்சோட, 1907இல ரஷ்யாவோட இணக்கம் எண்டு பேசி முடிச்சு, தூரத்தில நிண்ட கப்பலுகளை வீட்டுப்பக்கம் இழுத்துப்போட்டுது, 1906இல ட்ரெட்நோட் எண்ட புதுமாதிரிக் கப்பலையும் இறக்கி போட்டியைத் திருப்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சு வைச்சுது, அதில காசு தாக்குப்பிடிக்கிறவன்தான் நிக்கலாம், ஜெர்மனிக்கோ தரைப்படைக்கும் சேத்துச் செலவு.

அதைவிடப் பெரிய பிரச்சினை வாசல். வட்டுவாகலில முகத்துவாரத்தை ஆரும் மறிச்சுக்கொண்டு இருந்தா, நந்திக்கடலுக்க எத்தினை வள்ளம் நிண்டென்ன, வெளிய வர ஏலுமே? ஜெர்மன்காரற்ற வட கடல் அப்பிடித்தான் இருந்தது. ஒரு பக்கம் டோவர் நீரிணை, மற்றப் பக்கம் ஸ்கொட்லாந்துக்கும் நோர்வேக்கும் இடையில உள்ள வழி, ரெண்டிலயும் பிரிட்டன் காவல். சண்டை பிடிக்காமலே ஜெர்மனிக்குப் போற சாமானை மறிச்சுது, சனம் பட்டினி கிடந்தது.

ஜூட்லண்டில ஜெர்மனிதானே வெண்டது? (மாங்குளம்)

எண்ணிக்கையில ஓம். 1916 மே 31, ஜூன் 1, வட கடலில நடந்த அந்தச் சண்டையில பிரிட்டன் 14 கப்பல் இழந்தது, ஜெர்மனி 11. ஆனா விடிய கடல் ஆரிட்ட இருந்தது? ஜெர்மன் கப்பலுகள் துறைமுகத்துக்குத் திரும்பிப் போச்சு, அதுக்குப் பிறகு பெரிசா வெளிக்கிடவே இல்லை. பிறகு நீர்மூழ்கியை நம்பி 1917 பெப்ரவரியில கண்ட கப்பலெல்லாம் அடிக்கத் தொடங்க, ஏப்ரலில அமெரிக்கா சண்டைக்குள்ள வந்திட்டுது.

1942இல ஜப்பான்காரன் திருகோணமலைக்கு குண்டு போட்டவன் எண்டு அம்மம்மா சொல்லுவா. அப்ப பிரிட்டனை அவன் கலைச்சுப்போட்டான் தானே? (ஒட்டுசுட்டான்)

அம்மம்மா சொன்னது சரி. ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை. 9ஆந் தேதி ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல், திருகோணமலையில இருந்து வெளிக்கிட்டு தெற்க போய்க்கொண்டிருக்கேக்க மட்டக்களப்புக்கு அங்கால தாண்டுபோச்சு. பாருங்கோ, விமானம் ஏத்துற கப்பல், ஆனா அண்டைக்கு அதில ஒரு விமானமும் இல்லை. 300க்கு மேல சனம் செத்தது. இப்பவும் அது அந்தக் கடலுக்கு அடியில கிடக்கு. பிரிட்டன் தன்ர கப்பலுகளை ஆபிரிக்கக் கரைக்கு பின்வாங்கினதும் உண்மை.

ஆனா எங்கட பக்கம் வந்த ஜப்பானின்ர அஞ்சு பெரிய விமானந்தாங்கியில மூண்டு, அகாகி, சோரியு, ஹிரியு, ரெண்டே மாசத்தில பசிபிக் கடலில மிட்வே தீவுக்குக் கிட்ட அமெரிக்கனிட்ட அடிவாங்கித் தாண்டது, ககாவும் சேத்து நாலு. போனதுக்குப் பதிலா அமெரிக்கா எசெக்ஸ் எண்ட வகை விமானந்தாங்கியில மட்டும் சண்டை முடியிறதுக்குள்ள 17 சேவைக்கு விட்டுது. ஜப்பானால அந்த அளவுக்குக் கட்ட ஏலேல்ல. பழகின விமானிகளும் போக, புது ஆக்களைப் பழக்க எண்ணெயும் இல்லை. கப்பல் கட்டுற பட்டறையும் எண்ணெயும்தான் அங்க வெண்டது, அதை நான் எப்பவும் அழுத்திச் சொல்லுவன்.

அப்ப பட்டறை பெரிசா இருக்கிற சீனா அமெரிக்காவை வெல்லுமோ? (வவுனியா)

நல்ல கேள்வி, நீங்கள் சரியான இடத்தில பிடிச்சிருக்கிறியள். உலகத்தில கட்டுற வணிகக் கப்பலில ஏறக்குறைய பாதி சீனாவில, போர்க்கப்பல் எண்ணிக்கையும் 370க்கு மேல எண்டு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சே சொல்லுது, அமெரிக்காவிட்ட 300க்கு உள்ளதான். ஆனா அமெரிக்காவிட்ட அணுசக்தியில ஓடுற விமானந்தாங்கி 11. சீனாவிட்ட மூண்டு இருக்கு, மூண்டும் சாதாரண எரிபொருள். வாசல் பிரச்சினையும் இருக்கு, ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ் எண்டு முன்னால தீவுகள் வரிசையா நிக்குது, எண்ணெய் வாறது மலாக்கா நீரிணை வழியா. தன்ர கரைக்குக் கிட்ட சீனாவை அசைக்கிறது இனி கஷ்டம், தூரக் கடலில அமெரிக்காவை அசைக்கிறதும் கஷ்டம். இந்த ரெண்டையும் ஒண்டாக் குழப்பிற ஆக்களாலதான் ஊரில இவ்வளவு வாக்குவாதம்.

அம்பாந்தோட்டையை 99 வருஷத்துக்கு எடுத்தவங்களே, அது கடற்படைத் தளம்தானே? (மல்லாவி)

2017இல சீனக் கம்பனிக்குக் குத்தகைக்குப் போனது வணிகத் துறைமுகம். கப்பல் வந்து நிக்கிறது வேற, தளம் வேற. தளமெண்டா வெடிமருந்துக் கிடங்கு வேணும், திருத்துற டொக் வேணும், மேல விமானப் பாதுகாப்பு வேணும். இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு எம்டன் எண்ட ஜெர்மன் போர்க்கப்பலைப் பாருங்கோ. 1914 செப்டெம்பரில சென்னையில எண்ணெய்த் தாங்கியளைக் கொழுத்திப்போட்டு, இலங்கையைச் சுத்தி வணிகக் கப்பலுகளைப் பிடிச்சுத் தாட்டது, நிலக்கரிகூட பிடிச்ச கப்பலில இருந்து எடுத்தது. அந்தக் கப்பல்காரர் கெட்டிக்காரர், அதில சந்தேகமே இல்லை. ஆனா ஒதுங்கத் துறைமுகம் இல்லை. நவம்பர் 9, கொக்கோஸ் தீவில அவுஸ்திரேலியாவின்ர சிட்னி எண்ட கப்பல் அதை முடிச்சுப்போட்டுது. ஜெர்மனியின்ர கிழக்குத் தளம் சிங்டாவும் அதே மாசம் ஜப்பான்காரனிட்டப் போச்சு.