போர்த்துக்கீசிய மொழியில் 'ஃபிக்கார்' என்ற வினைச்சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு ஏன் இத்தனை அர்த்தங்கள்?

ஏதோ ஆப்பில் படிக்க ஆரம்பித்து, இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் முட்டுகிற இடம்தான். நான் மொழியியல் படித்தவன் இல்லை, போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். பேராசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வேர் லத்தீனின் 'ஃபீகெரே': அடித்துப் பதிப்பது, ஊன்றுவது. அதிலிருந்து பேச்சு லத்தீனில் 'ஃபிகிகாரே' என்றொரு வடிவம் இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கணிப்பு. இத்தாலியின் 'ஃபிக்காரே' இன்றும் உள்ளே திணிப்பதுதான். ஆனால் போர்த்துக்கீசியர்களுக்கு, ஊன்றியது அசையாது என்பதே முக்கியமாகிவிட்டது. அதனால் தங்குவதும் ஃபிக்கார், ஓர் இடம் அமைந்திருப்பதும் ஃபிக்கார். ஸ்டேஷன் எங்கே என்று கேட்க 'ஒந்தெ ஃபிக்கா' என்பார்கள். சோகமானேன், கோபமானேன் என்பதற்கும் இதுதான். பிரேசில் இளைஞர்களோ காதல் என்று பெயர் வைக்காத நெருக்கத்துக்கும் இதையே வைத்துக்கொண்டார்கள்.

போர்ச்சுகலின் வடக்கு எல்லையில் ஓடும் மின்ஹோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் கலீசியாவிலும் இது சொந்தச் சொல்தான். இடைக்காலத்தில் கலீசிய மொழியும் போர்த்துக்கீசியமும் ஒரே மொழி, அந்தக் காலப் பாடல்களில் தாராளமாக வரும். இப்போது அங்கே பேச்சில் 'கெடார்' தான் அதிகம்.

பிரேசிலில் இதன் பேரில் ஒரு நாளே இருக்கிறது. பிரேசில் போர்ச்சுகலின் கீழ் இருந்த காலம். லிஸ்பன் நாடாளுமன்றம் திரும்பி வரச் சொன்னபோது, அங்கே இருந்த போர்ச்சுகல் இளவரசர் பெட்ரு 1822 ஜனவரி 9 அன்று 'ஃபிக்கு', அதாவது 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று மறுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரேசில் தனி நாடு.

எனக்கு இந்தச் சொல் மனதில் ஏறியது வேறு விதமாக. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு (சாவியும் அவர்கள் கொடுத்த சொல்தான்) அட்வான்ஸைக் கேட்டேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே 'ஃபிக்கா கொமிகு' என்றார். பணம் என்னிடமே இருக்கட்டும் என்று அர்த்தம். பின்னால் 'கொம்' (உடன்) சேர்ந்தால் வைத்துக்கொள்வது என்றாகும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் பூஞ்சை பிடித்ததற்கு நான்தான் காரணமாம்! குளிர்காலம் முழுக்க மழை பெய்கிற ஊர், ஹீட்டர் கிடையாது, ஜன்னல் சரியாக மூடாது. மூன்று தடவை சொல்லியும் ஆள் அனுப்பவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அம்மா தங்கம். ஆனால் வாடகைக்குப் போகிறவர்கள் முதல் நாளே சுவரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.