கொலையும் கொண்டை ஊசி வளைவும்

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். கொழுந்து வாடி முடிகிற வரை பெரிய வேலை இருக்காது. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படிப்பேன். படிப்பது இரண்டே வகைதான். ஒன்று துப்பறியும் நாவல். இன்னொன்று, சைக்கிளிலோ ஜீப்பிலோ கால்நடையாகவோ நாடு நாடாகப் போய் அவதிப்பட்டவர்கள் சிரிக்கச் சிரிக்க எழுதிய பயணக் கதை. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர், 'இதெல்லாம் டைம்பாஸ், வாசிப்புக் கணக்கில் வராது' என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டும் எனக்கு ஏன் ஒரே மாதிரி பிடிக்கின்றன என்றும் புரியவில்லை. துப்பறியும் நாவல் என்றால் பொறுமை இல்லாமல் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டிவிடும் பழக்கமும் உண்டு. அது தப்பா? பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இப்போது என் அலமாரியில் கை வைக்க ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம,

நண்பரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பொழுது போவதற்காக எழுதப்பட்டது என்பதாலேயே ஒரு புத்தகம் மட்டமாகிவிடாது. வாசகனை அது எப்படி நடத்துகிறது என்றுதான் நான் பார்ப்பேன். உங்களுக்குப் பிடித்த இரண்டு வகையும் அந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானவை. இரண்டும் உங்களுக்கு ஒரே மாதிரி பிடிப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

துப்பறியும் கதையில் எல்லாத் துருப்புச் சீட்டும் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. கொலை செய்தது யார் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இப்படிச் சமமில்லாத ஆட்டத்தில் வாசகன் தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்துவிடக் கூடாதே என்று அந்த எழுத்தாளர்களே கவலைப்பட்டிருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929ல் இந்த வகைக் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் எதுவும் அப்போதே வாசகனுக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து 'டிடெக்‌ஷன் கிளப்' தொடங்கினார்கள். செஸ்டர்டன் தலைவர். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் எல்லாம் உறுப்பினர்கள். அதில் சேருகிறவர்கள், முக்கியமான தடயத்தை வாசகனிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். வாசகனுக்கு முன்னால் இப்படிக் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டு எழுத உட்கார்ந்தவர்களைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

கிறிஸ்டியின் 1926ஆம் ஆண்டு நாவல் இந்த நியாயத்தைப் பற்றியே பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. இது போங்கு என்று சிலர் கொதித்தார்கள். இன்னும் படிக்காதவர்களுக்காகப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அதை முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பி வரி வரியாகச் சரிபார்த்தேன். எங்கேயும் பொய் இல்லை. முதல் தடவை சாதாரணமாகக் கடந்துபோன வாக்கியம், இரண்டாவது தடவை அதே சொற்களோடு வேறு ஒன்றைச் சொல்கிறது. துப்பறியும் நாவலில் நான் மிகவும் விரும்புவது இந்த இரண்டாம் வாசிப்பைத்தான். கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் நஷ்டம். இரண்டு தடவை கிடைக்க வேண்டிய இன்பத்தில் முதலாவதைக் கைவிடுகிறீர்கள். ஏமாந்து பார்த்தவனுக்குத்தான் எங்கே ஏமாந்தோம் என்று தேடிப் போகும் ருசி கிடைக்கும்.

மலைக்காரரான உங்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீலகிரியில் மழை ஊருக்கு ஊர் வேறு. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரு கதையில் ஜூலை மாதம் ஒருவன், 'காலையிலிருந்து கூடலூர் பஜாரில்தான் அலைந்துகொண்டிருந்தேன், நேராக அங்கிருந்துதான் வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கோத்தகிரியில் வந்து இறங்குகிறான். குடை சுருக்குக் கலையாமல் இருக்கிறது. கால்சட்டை ஓரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எழுத்தாளர் இதைப் பாதி வரியில் சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொல்கிறார். வெளியூர் வாசகர் அந்த டீயோடு போய்விடுவார். உங்களுக்கு அங்கேயே உறுத்தும். மறைத்தது ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. இப்படிப் பார்க்கப் பழகியவர் வேறு எந்தப் புத்தகத்தையும் மேம்போக்காகப் படிக்க மாட்டார். இதை உங்கள் நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம் பயணக் கதை. இங்கே எழுதுகிறவர் மறைக்க நினைக்கக்கூடியது அவருடைய சொந்தக் கோளாறுகளை. அதை மறைக்காமல் வைப்பதில்தான் சிரிப்பே பிறக்கிறது. எரிக் நியூபி லண்டனில் பெண்களுக்கான உடை வியாபாரத்தில் இருந்தவர். 1956ல் ஹியூ கார்லெஸ் என்ற நண்பரோடு ஆப்கானிஸ்தானில் மீர் சமீர் என்ற மலையில் ஏறப் புறப்பட்டார். இருவருக்கும் மலை ஏறத் தெரியாது. வேல்ஸில் சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தது, அவர்கள் தங்கிய விடுதியில் உணவு பரிமாறிய பெண்கள். கடைசியில் சிகரத்தைத் தொடாமலேயே திரும்பினார்கள். இதை ஒன்றுவிடாமல் எழுதிய 'எ ஷார்ட் வாக் இன் தி ஹிந்து குஷ்' 1958ல் வந்தது. உச்சியைத் தொட்டவர்கள் எழுதிய பல புத்தகங்களைவிட எனக்கு அது நெருக்கமானது.

அதில் ஓரிடம். ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் பகுதி மக்களோடு பேசுவதற்கு நியூபியிடம் இருப்பது, ஒரு ராணுவ கர்னல் தொகுத்து கல்கத்தாவில் அச்சான பழைய மொழிக் கையேடு. அதில் பழகிக்கொள்ளக் கொடுத்திருக்கும் வாக்கியங்களை எடுத்துப் போடுகிறார். இன்று காலை வயலில் ஒரு பிணத்தைப் பார்த்தேன் என்று ஒன்று. உனக்கு எவ்வளவு நாளாகத் தொண்டைக் கழலை இருக்கிறது என்று இன்னொன்று. விளக்கம் அதிகம் இல்லை. போகப்போகிற ஊர் எப்படிப்பட்டது என்று அந்த வாக்கியங்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன. துப்பறியும் கதைக்காரரும் இதையேதான் செய்கிறார். தடயத்தை நம் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார். நம் புத்தி மேல் அவ்வளவு நம்பிக்கை. உங்கள் அலமாரியில் இந்த இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தரை வழியாகப் போகிறவருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வழி கேட்க வேண்டும், சோறு கேட்க வேண்டும், வண்டி நின்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டும். வழியில் இருப்பவர்கள் தயவில்லாமல் ஓர் அடி நகர முடியாது. டெர்வ்லா மர்ஃபி 1963ல் தனியாக அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு சைக்கிள் மிதித்து வந்தார். 1955ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவரில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தார்கள். விமானத்தில் பறந்து போயிருந்தால் இவர்களுக்கு எழுத என்ன இருந்திருக்கும்?

இந்த வகையில் மோசமான புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். தன் மேல் விழுந்தால் சரி. போன ஊர்க்காரர்கள் மேலேயே விழுந்துகொண்டிருந்தால் நான் மூடி வைத்துவிடுவேன். சீசனுக்கு வந்து போகிறவர்கள் நம் ஊரையும் நம் பேச்சையும் வேடிக்கைப் பொருளாக்கி எழுதும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பழைய வெள்ளைக்காரப் பயண நூல்களில், நான் விரும்பும் நூல்கள் உட்பட, அந்த மிதப்பு அங்கங்கே தலைகாட்டும். அந்த இடங்களில் எழுத்தாளர் பக்கம் நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மகளுக்கு முதலில் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைக் கொடுங்கள். தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது நாக்ஸின் விதிகளில் இன்னொன்று. சாம்பு கதைகளில் தற்செயலைத் தவிர வேறு எதுவுமே உதவாது. அசட்டு சாம்பு எதையாவது செய்துவைப்பார், அது திருடனைக் காட்டிக் கொடுத்துவிடும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொள்வார். உண்மை நமக்கும் தேவனுக்கும்தான் தெரியும். விதியை இப்படித் தலைகீழாக்கியும் வாசகனிடம் ஒன்றையும் மறைக்காத எழுத்து அது. அந்த தேவனே 'ஐந்து நாடுகளில் அறுபது நாள்' என்று பயண நூலும் எழுதியிருக்கிறார் என்பது உங்களுக்குக் கூடுதல் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்து, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. காவேரி பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை போய் எழுதியது. படிக்கும்போது ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மலைத் தண்ணீர் பவானி வழியாக அந்த ஆற்றில் எங்கே சேருகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் நாவல்களுக்கு அவசரம் இல்லை, பிளஸ் டூ முடிந்த லீவில் கொடுக்கலாம். ஆங்கிலம் சரளமாக வந்தால் நியூபியை அதற்கு முன்பே படிக்கட்டும்.

அன்புடன்