எக்செல் மேக்ரோ தெரிந்த கணக்காளர் அதையே சொந்தத் தொழிலாக்க முடியுமா?

ஏழு ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறேன், எக்செல் மேக்ரோ (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் சிறு நிரல்) நன்றாக வருகிறது, வேலையை விட்டுவிட்டு இதையே ஆலோசனைத் தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்குப் பார்த்தேன். இப்போது இதுதான் என் பிழைப்பு. ஆனால் மேக்ரோவை விற்கப் போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் இறங்காதீர்கள். மேக்ரோ எழுதக் கல்லூரி மாணவருக்கும் வரும். எந்த எண் எந்த இடத்தில் பிசகும் என்பது பல வருடம் வவுச்சர் போட்டவருக்குத்தான் தெரியும். அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

என் முதல் வேலை ஓர் ஆடிட்டர் சொல்லி வந்தது. சிறிய பனியன் கம்பெனி. 2022 ஜனவரி முதல் ஜிஎஸ்டிஆர்-2பியில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல்) வராத பில்லுக்கு இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்று சட்டம் இறுகியிருந்த நேரம். 2பி மாதம் 14ஆம் தேதி வரும், 3பி என்ற மாத வரி அறிக்கையை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு நாட்களில் நானூறு பில்களைச் சரிபார்த்தாக வேண்டும். அங்கே கணக்குப் பார்த்த அக்கா 2பியையும் கம்பெனியின் கொள்முதல் பட்டியலையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கி, சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் கணினியைத் திறக்காமல் இரண்டு நாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த மிக நல்ல காரியம் அதுதான். டேலி கணக்கு மென்பொருளில் 457 என்று இருக்கும் நிட்டிங் (துணி பின்னும்) பில், 2பியில் கேஎம்/0457/21-22 என்று வருகிறது. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தானாகவே தின்றுவிடுகிறது. ஜிஎஸ்டி எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து அடிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்ற ஒழுங்கு மாறாது. ஆகவே எந்த இடத்தில் எழுத்து வரலாம், எங்கே இலக்கம்தான் வர வேண்டும் என்பதைக் கோப்பே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லின் 12 இலக்க எண் எக்செல்லில் ஈ+11 என்று சுருங்கிக் கிடக்கிறது. சம்பளப் பட்டியலில் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. பணம் திரும்பி வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது.

இவற்றையெல்லாம் சரிசெய்து ஒரு கோப்பு செய்தேன். இரண்டு நாள் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு தவறு செய்திருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். பில் எண் பொருந்தாவிட்டால் ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் வைத்துப் பொருத்தும்படி எழுதியிருந்தேன். ஒரு சாயப்பட்டறையிலிருந்து அந்த மாதம் ஒரே தொகைக்கு இரண்டு பில்கள். 2பியில் வந்தது ஒன்றுதான். என் கோப்பு இரண்டையும் சரி என்று காட்டிவிட்டது. அக்காதான் பட்டியலைப் பார்த்து நிறுத்தினார். "தம்பி, இந்தப் பில்லை அவர்கள் இன்னும் ஏற்றவே இல்லையே, நேற்றுதானே போனில் சண்டை போட்டேன்" என்றார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால், எடுக்கக் கூடாத இன்புட்டை எடுத்து, பின்னால் வட்டியோடு கட்ட வேண்டி வந்திருக்கும்.

அன்றிலிருந்து என் கோப்புகள் எல்லாவற்றிலும் மூன்று தாள்கள் இருக்கும்: பொருந்தியவை, சந்தேகமானவை, பொருந்தாதவை. ஒரு வரியை ஒருமுறை பொருத்திவிட்டால் அது மறுபடி பொருத்தத்துக்கு வராது. தொகை மட்டும் ஒத்துப்போனால் சந்தேகத் தாளுக்குத்தான் போகும். அந்தத் தாளை மனிதர் பார்த்தே தீர வேண்டும். முழுவதையும் தானியங்கியாக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மேக்ரோவைப் பற்றி இன்னொன்று. இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகளில் இருக்கும் மேக்ரோவை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. மின்னஞ்சலில் கோப்பை அனுப்புவீர்கள், அங்கே சிவப்புப் பட்டை வரும், உடனே போன் வரும். அதனால் தரவைத் திரட்டிச் சுத்தம் செய்யும் வேலை முழுவதையும் நான் எக்செல்லின் பவர் குவரி என்ற கருவிக்கு மாற்றிவிட்டேன். 2016 எக்செல்லிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு படியும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிவதால், எனக்குப் பின் வருபவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். பொத்தானை அழுத்திக் கடிதம் உருவாக்குவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) வைத்திருக்கிறேன்.

கோப்பை ஒப்படைக்கும் நாளில் விசைப்பலகையைத் தொடவே மாட்டேன். அங்கே வேலை செய்பவரே ஒருமுறை முழுவதும் ஓட்ட வேண்டும். எங்கே கை தயங்குகிறதோ அந்த இடத்தை வீட்டுக்கு வந்து திருத்துவேன்.

கட்டணத்தில் நானும் ஏமாந்தேன், நீங்கள் ஏமாற வேண்டாம். முதல் வேலைக்கு 6,000 ரூபாய் வாங்கினேன். மூன்று வாரம் பிடித்தது. மணிக்கணக்கில் விலை சொன்னால், வேகமாக முடிக்கும் திறமைக்கு நாமே அபராதம் கட்டுகிறோம். இன்று அதே மாதிரி வேலைக்கு 35,000 ரூபாய், அதற்குமேல் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு. பராமரிப்புத் தொகையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டுக்கு வந்தது. 2024 மார்ச்சில் எனக்குத் தூக்கமே இல்லை. எந்தப் பில் எத்தனை நாளாக நிற்கிறது, சப்ளையர் குறு, சிறு நிறுவனமா, உற்பத்தியாளரா வெறும் வியாபாரியா (வியாபாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது) என்று பிரித்துக் காட்டும் ஒரே தாளை ஒன்பது இடங்களில் போட்டுக் கொடுத்தேன்.

சட்டப்பக்கம் சுருக்கமாக. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நீங்கள் சிஏ இல்லை என்றால் சான்றளிக்கும் வேலைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். நான் தாக்கலும் செய்வதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. அதனால்தான் ஆடிட்டர்கள் என்னைப் போட்டியாக நினைக்காமல் வாடிக்கையாளர்களை அனுப்புகிறார்கள். பழைய நிறுவனத்தில் எழுதிய கோப்பை எடுத்து வந்து விற்கவே கூடாது. அது அவர்கள் சம்பளம் கொடுத்த நேரத்தில் எழுதியது, உள்ளே அவர்களுடைய விலையும் வாடிக்கையாளர் பெயரும் இருக்கும். வெற்றுத் தாளில் மறுபடி எழுதுங்கள், முன்பைவிட நன்றாகவே வரும்.

வேலையை உடனே விட வேண்டாம். மாதப் பராமரிப்புத் தொகை வீட்டு வாடகையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் தாங்கும் என்று உறுதியான பிறகுதான் நான் ராஜினாமா கொடுத்தேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் செய்தேன்.

உங்கள் ஊரில் என்ன தொழில் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. திருப்பூரில் என்றால் 2பிக்கு அடுத்த தலைவலி ஜாப் ஒர்க் (வெளிப் பட்டறையில் கூலிக்குச் செய்விக்கும் வேலை) டெலிவரி சலான்தான். சாயத்துக்குப் போன துணி எத்தனை கிலோ, எடை குறைந்து திரும்பியது எத்தனை, இன்னும் பட்டறையில் நிற்பது எத்தனை என்பதை நோட்டுப் புத்தகத்தில் தேடுகிறார்கள். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நோட்டு எந்த மேசையிலாவது இருக்கும். அதை எழுதுகிறவரிடம் அனுமதி கேட்டு, வரும் 14ஆம் தேதி போய் உட்காருங்கள். மடிக்கணினியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.